சுருளிக்கு விழுந்த வசனம்

திருநகரில் உள்ள அந்தச் சின்னச் சபையில் வருஷப்பிறப்பன்று காலை ஆராதனை முடிந்ததும் ஒரு தாம்பாளம் சுற்றி வரும். தாம்பாளம் நிறையச் சுருட்டி வைத்த சீட்டுகள். ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். சீட்டில் இருக்கும் வசனம்தான் அந்த வருஷம் முழுக்க ஆண்டவர் அவருக்குத் தரும் வாக்குத்தத்தம். எடுத்தவர் எழுந்து நின்று சத்தமாக வாசிப்பார், சபை ஆமென் சொல்லும். உன்னைப் பெருகப்பண்ணுவேன், உயர்த்துவேன், சத்துருக்களை முறியடிப்பேன் என்று ஒரே ஆசீர்வாதமாக வரும். அந்தத் தாம்பாளத்திலிருந்து யாருக்கும் கெட்ட செய்தி வந்ததே கிடையாது. வந்தால் அடுத்த வருஷம் கூட்டம் வருமா, காணிக்கைதான் விழுமா?

சுருளி நிலத்தரகன். தரகனானதே அந்தத் தாம்பாளத்தால்தான். லோடு வண்டி ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு வருஷம் அவன் கையில் ஆபிரகாமுக்கு ஆண்டவர் சொன்ன வசனம் விழுந்தது. எழுந்திரு, இந்தத் தேசத்தை நீளத்துக்கும் அகலத்துக்கும் நடந்து பார், உனக்கே தருகிறேன் என்கிற வசனம். வேறு ஆளாக இருந்தால் ஆபிரகாமிடம் சொன்னதில் நமக்கு என்ன பங்கு என்று யோசித்திருப்பான். சுருளி லோடு வண்டியை விற்றான். வெள்ளைச் சட்டையும் கூலிங்கிளாசும் வாங்கினான். திருமங்கலம் ரோட்டில் காலி நிலமாகத் தெரிந்ததையெல்லாம் நீளத்துக்கும் அகலத்துக்கும் நடந்து பார்த்தான். ஆபிரகாமுக்கு இல்லாத ஒரு வசதி சுருளிக்கு இருந்தது. அது அவன் வாய்.

என்ன வாய் என்கிறீர்கள்! முள்ளுக்காட்டைக் காட்டி "காத்தோட்டம்" என்பான். சுடுகாட்டை ஒட்டிய மனையைக் காட்டி "அமைதியான ஏரியா சார், பக்கத்து வீட்டுத் தொந்தரவே இருக்காது" என்பான். எங்கே கேட்டாலும் எது கேட்டாலும் "அஞ்சே நிமிஷம்" என்பான். ஹெலிகாப்டரில் போனால் அஞ்சு நிமிஷம்தான், அதில் பொய் இல்லை.

இந்த வருஷம் கோளாறு எங்கே வந்தது என்றால், சீட்டைக் கடையில் வாங்கவில்லை. பாஸ்டர் அருள்பாண்டியின் மனைவி தமிழ்வாணி தானே வசனங்களைப் பொறுக்கி, ஜெராக்ஸ் எடுத்து, கத்தரித்துச் சுருட்டியிருந்தார். "இனிப்பாவே பொறுக்கித் தின்னா சபைக்கே சுகர் வந்துரும்" என்பது அந்த அம்மாவின் கட்சி. அதனால் வாக்குத்தத்தங்களோடு கட்டளைகளையும் கலந்துவிட்டார். தாம்பாளம் சுருளியிடம் வந்தது. கையை விட்டு, அடியில் கிடந்ததாகப் பார்த்து உருவி, எழுந்து நின்று, கூலிங்கிளாசை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வாசித்தான். ஆம் என்றால் ஆம் என்று சொல்லு, இல்லை என்றால் இல்லை என்று சொல்லு, அதற்கு மேல் பேசுவதெல்லாம் தீயவனிடமிருந்து வருகிறது என்று இயேசு மலையில் உட்கார்ந்து சொன்ன அந்தப் பகுதி.

பாதியிலேயே அவன் குரல் இறங்கிவிட்டது. ஆனால் சபை சொன்ன ஆமென் இருக்கிறதே, அதுவரை அந்தக் கட்டடம் கேட்டிராத ஆமென். அவன் மூலமாக மனை வாங்கிய நாலைந்து குடும்பத்தார் எழுந்து நின்றே சொன்னார்கள். அவன் பொண்டாட்டி செல்லக்கிளி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள்.

ஆராதனை முடிந்ததும் சுருளி பாஸ்டரை ஓரம் கட்டினான்.

"அய்யா, இது வாக்குத்தத்தம் இல்ல. கட்டளை. தப்பா விழுந்துருச்சு. மாத்தி ஒண்ணு எடுத்துக்கிறேன்."

"மாத்தி எடுக்க இதென்ன ரேஷன் அரிசியா சுருளி? விழுந்தது விழுந்ததுதான்."

"அப்படியே கைக்கொள்ளணும்னா நான் பொழப்ப விட்டுட்டு உங்க கூட உண்டியல் தூக்க வேண்டியதுதான்."

அருள்பாண்டி சிரித்தார். நல்ல மனுஷர். தனக்கும் முடியாத வசனங்கள் இருக்கின்றன என்று ஒளிக்காமல் சொல்வார். "நம்ம பலத்துல ஒரு வசனத்தையும் கைக்கொள்ள முடியாதுப்பா. புரிஞ்சுக்கவும் அவர்தான் உதவணும், நடக்கவும் அவர்தான் உதவணும். கேளு, தருவாரு. சங்கீதம் எழுதுனவனே கூட, எனக்கு உணர்வு தாரும், நான் உம்ம வேதத்தைக் கைக்கொள்வேன்னுதானே கெஞ்சுறான்?"

சொன்னவர் நல்ல எண்ணத்தில் சொன்னார். கேட்டவன் தரகன். அவன் காதில் இது ஒரு பேரமாக விழுந்தது. முதலில் ஆண்டவர் உணர்வை, அதாவது புரிகிற புத்தியை, தர வேண்டும். அதன் பிறகு இவன் கைக்கொள்ள வேண்டும். அட்வான்ஸ் வராமல் பத்திரம் பதிகிற வழக்கம் உலகத்தில் எங்காவது உண்டா? ஆக, பந்து இப்போது பரலோகத்தில் இருக்கிறது. உணர்வு வந்து சேருகிற வரைக்கும் சுருளி பழையபடி தொழில் பார்க்கலாம், குற்றமில்லை.

அன்றிலிருந்து ஜெபக்கூட்டம் தவறாமல் ஒரு விண்ணப்பம் வந்தது. சகோதரன் சுருளிக்கு வசனத்தில் வெளிச்சம் கிடைக்க வேண்டும். சபையும் சளைக்காமல் ஜெபித்தது. சுருளி எல்லாரையும்விடச் சத்தமாக ஜெபித்தான். "புரியலையே ஆண்டவரே, ஏழைக்குப் புரியலையே!" என்று அவன் உருகுவதைக் கேட்டால் கல்லும் கரையும். வீட்டுக்கு வந்தால் செல்லக்கிளி கேட்பாள்.

"ஏங்க, ஆமா, இல்ல, ரெண்டு வார்த்தை. இதுல என்னங்க வெளிச்சம் வேணும்? டியூப்லைட்டு மாட்டணுமா?"

"உனக்கு ஆவிக்குரிய ஆழமெல்லாம் தெரியாது, போடி."

"ஆழம் எனக்குத் தெரியாதுதான். கானான் நகர் ஆழம் உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

அதோடு சுருளி சோற்றைப் பார்த்துச் சாப்பிடுவான்.

ஆபிரகாமுக்கு ஆண்டவர் காட்டிய தேசத்தின் பேரையே எடுத்துக் கானான் நகர் என்று பெயர் வைத்தது சுருளிதான். திருமங்கலம் ரோட்டிலிருந்து உள்ளே போனால் நாரைக் கண்மாய் வரும். அதை ஒட்டிப் பட்டா நிலமாகவே கொஞ்சம் கிடந்தது. தவசி என்கிற புரோமோட்டர் அதை வாங்கி, கல் நட்டு, மனை போட்டார். மேட்டுப் பக்கம் குற்றம் சொல்ல முடியாது. கண்மாய் பக்கத்து மூலைதான் வில்லங்கம். கண்மாய் நிறைந்தால் தண்ணீர் பின்வாங்கி ஏறி வருகிற இடம் அது. சில வருஷமாக மழை ஏமாற்றியதில் ஊர் அதை மறந்துவிட்டது. சுருளி மறக்கவில்லை. அவனுடைய அப்பா அந்த மூலையில்தான் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் பாடுபட்டார். கதிர் முற்றிய நெல் இடுப்புத் தண்ணீரில் அழுகியதையும், நிலத்துக்காரர் அதற்கும் அப்பாவைத்தான் திட்டியதையும் சுருளி கரையில் நின்று பார்த்திருக்கிறான்.

மேட்டு மனையெல்லாம் விற்றுப்போய் அந்த மூலை மட்டும் நின்றபோது தவசி அவனை நகர் வாசலில் கட்டியிருந்த வளைவுக்கு அடியில் நிறுத்தித் தோளில் கை போட்டார்.

"மாப்ள, இந்த மூலையை மட்டும் தள்ளிவிடு. அடுத்த சைட்டுல நீ தரகன் இல்ல, பார்ட்னரு. இதோ இந்த ஆர்ச்சுல என் பேருக்குப் பக்கத்துல உன் பேரு. பெயிண்டர்ட்ட சொல்லிட்டேன்."

 சுருளிக்கு அழுகையே வந்தது. அவன் வம்சத்தில் எந்த மண்ணிலும் எவன் பேரும் இருந்ததில்லை. அப்பா செத்தபோது புதைத்த இடத்தில்கூட ஒரு கல்லு வைக்க முடியவில்லை. அதே மண்ணின் வாசலில், போகிற வருகிறவன் தலைதூக்கிப் படிக்கிற உயரத்தில், சுருளி என்று மூன்றெழுத்து! அவன் வாழ்க்கையில் வேறு எதற்கும் இப்படி ஆசைப்பட்டதில்லை.

ஆள் கிடைக்கவும் தாமதமாகவில்லை. செல்லூரில் விசைத்தறி ஓட்டுகிற புருஷன் பொண்டாட்டி, காளையும் ரெங்கம்மாளும். சனிக்கிழமை காலையில் மனை பார்க்க வருவதாகப் போனில் சொன்னார்கள். ரெங்கம்மாள் போனில் பேசினால் பக்கத்துத் தெருவுக்கும் சேர்த்துக் கேட்கும். "அண்ணே, மழை பேஞ்சா எங்க சந்துல வீட்டுக்குள்ள தண்ணி வந்துருதுண்ணே. அதான் மேட்டுல ஒரு எடமா பாத்து வாங்கிரலாம்னு. வேற ஒண்ணும் கேக்கல."

அந்தக் கடைசி வாக்கியம் சுருளியை என்னவோ செய்தது.  வெள்ளிக்கிழமை சபையில் உபவாச ஜெபம். போனான். மைக்கைப் பிடித்தான். இத்தனை நாளும் கடமைக்குக் கத்தியவன் அன்று நிஜமாகவே கத்தினான். காலையில் பிடித்த மைக்கைச் சாயங்காலம்தான் விட்டான். வெளிச்சம் தாரும், உணர்வு தாரும், இன்றைக்கே தாரும் என்று ஒரே அலறல். "கர்த்தருக்குக் காது நல்லாத்தான் கேக்கும் சுருளி" என்று பாஸ்டர் இரண்டு தடவை வந்து காதோரம் சொல்லிப் பார்த்தார். கடைசியில் கஞ்சி குடிக்கக் கூப்பிட்டபோது "வாரேன்" என்று சொல்ல வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது.

சனிக்கிழமை விடிந்தும் அதே காற்றுதான். செல்லக்கிளி மிளகும் பாலும் காய்ச்சிக் கொடுத்தாள். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, குசுகுசுவென்றுகூடப் பேசக்கூடாது, பேசினால் குரலே திரும்பாது என்று பயமுறுத்தி அனுப்பினார். தரகனுக்குத் தொண்டை போனால் என்ன மிச்சம்? வெள்ளைச் சட்டையும் கூலிங்கிளாசும்தான் மிச்சம். அவற்றைப் போட்டுக்கொண்டு கானான் நகருக்குப் போனான்.

ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கிய இருவரிடமும் தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தான். ரெங்கம்மாள் உடனே புரிந்துகொண்டாள்.

"தொண்டை கட்டிருச்சா? அது கிடக்குது விடுங்கண்ணே. நாங்க தறிக்காரங்க. அந்த இரைச்சல்ல எவன் பேசி எவனுக்குக் கேக்கும்? நாள் பூரா தலையும் கையும்தான் பேசும். நான் கேக்குறேன், நீங்க தலையாட்டுங்க, போதும்."

சுருளிக்கு உயிர் வந்தது. தலையாட்டுவது ஒரு வேலையா?

பட்டா உண்டா என்றாள். உண்டு, ஆட்டினான். போர் போட்டால் நல்ல தண்ணீரா என்றாள். நல்ல தண்ணீர்தான், ஆட்டினான். பஸ் பக்கமா என்றாள். இங்கேதான் அவன் தன் கைச்சரக்கை எடுத்தான். நம் ஊரில் ஒரு தலையாட்டல் உண்டே, மேலேயும் கீழேயும் இல்லாமல், பக்கவாட்டிலும் இல்லாமல், கோணலாக ஒன்று. ஆமாம் என்று நினைத்தவனுக்கு ஆமாம், இல்லை என்று நினைத்தவனுக்கு இல்லை. அதை ஆட்டினான். வாய் போனாலும் ஆண்டவர் வழி வைத்திருக்கிறாரே என்று மனசுக்குள் ஸ்தோத்திரம்கூடச் சொல்லிக்கொண்டான்.

ரெங்கம்மாள் இடுப்பில் கை வைத்தாள்.

"அண்ணே, இந்த மாதிரி ஆட்டுறது ஆகாது. தறியில பாவு நூல் அறுந்துருச்சான்னு நான் கேக்கையில அந்தப் பக்கத்துக்காரி இப்படி ஆட்டுனா, நெய்யுற சேலை அம்புட்டும் பாழ். ஆமான்னா ஆமா. இல்லன்னா இல்ல. ரெண்டுல ஒண்ணு ஆட்டுங்க."

சுருளி விக்கித்துப் போனான். அந்தப் பொம்பளை சபைப்பக்கம் தலை வைத்துப் படுத்தது கிடையாது. கழுத்தில் மாரியம்மன் டாலர் தொங்குகிறது. இவள் வாயில் அந்த வசனம் எப்படி வந்தது? வருஷப்பிறப்பிலிருந்து எந்த வெளிச்சத்தைக் கேட்டு அலறினானோ, அது அவன் முன்னால் வெற்றிலை போட்ட வாயோடு நின்றது. பஸ்ஸுக்கு இல்லை என்று பக்கவாட்டில் ஆட்டினான். ஒரு தடவைதான் ஆட்டினான், கழுத்து கனத்தது.

காளை அதற்குள் மூலைக்கே போய்விட்டான். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, மண்ணில் காலால் கோடு இழுத்துக்கொண்டிருந்தான். இங்கே அடுப்படி, இங்கே படுக்கை என்று பொண்டாட்டிக்குக் கையாலேயே காட்டினான். அவளும் அங்கிருந்தே, அடுப்படியைக் கொஞ்சம் தள்ளு என்று கையாலேயே சொன்னாள். பிறகு சுருளியின் பக்கம் திரும்பினாள்.

"கடைசியா ஒண்ணே ஒண்ணு. இங்க தண்ணி ஏறுமாண்ணே?"

ஆர்ச்சு கண்ணுக்கு எதிரேதான் இருந்தது. தவசியின் பேருக்குப் பக்கத்தில் புதுசாக வெள்ளை அடித்து, எழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள். பேச்சு இருந்திருந்தால் சுருளி இந்நேரம் காற்றோட்டத்தில் ஆரம்பித்து வாஸ்துவுக்குப் போய், அடுத்து வரப்போகிற நாலுவழிச்சாலையைச் சுற்றிக்கொண்டு, அந்தக் கேள்வியையே அவள் மறக்கும்படி செய்திருப்பான். பேச்சு இல்லை. சுற்றிப்போக வழி இல்லை. மேலும் கீழுமா, பக்கவாட்டிலா, அவ்வளவுதான்.

பக்கவாட்டில் ஆட்டிவிடுவது என்றுதான் முடிவு செய்தான். அதை மறைப்பானேன். ஆட்டுவதற்கு முன்னால் பழக்கதோஷத்தில் ஒரு ஜெபம் வந்தது. புரியவில்லையே ஆண்டவரே என்று ஆரம்பித்தான். ஆரம்பித்த இடத்திலேயே நின்றுவிட்டது. இத்தனை மாதமாக அவன் சொன்ன பொய்களிலேயே பெரிய பொய் இதுதான் என்று அவனுக்குச் சுருக்கென்று பட்டது. வாங்க வந்தவர்களிடம் அஞ்சு நிமிஷம் என்று சொன்னதெல்லாம் சில்லறை. ஆண்டவரிடமே, மைக் போட்டு, சபையையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டு, புரியவில்லை என்று சொல்லியிருக்கிறான்.

அவனுக்கு வெட்கமாக இருந்தது. சத்தமில்லாமல், ஊழியக்காரர் பாஷை இல்லாமல், வீட்டில் பேசுகிற மாதிரி கேட்டான்.

ஆண்டவரே, புரிஞ்சுச்சு. சீட்டப் பிரிச்ச அன்னைக்கே புரிஞ்சுச்சு. எனக்கு முடியல. அந்த ஆர்ச்சு எனக்கு வேணும். நானா ஆட்டுனா பொய்யத்தான் ஆட்டுவேன். நீரே ஏதாச்சும் பண்ணும்.

வானம் திறக்கவில்லை. புறா இறங்கவில்லை. சுருளியின் தலை இறங்கியது. மெதுவாக இறங்கி, மேலே வந்து, மறுபடியும் இறங்கியது. ஏறும், தாயி. ஏறும்.

ரெங்கம்மாள் குனிந்து கணுக்காலைத் தொட்டுக் காட்டினாள். இம்புட்டா? சுருளி இன்னும் மேலே என்று கையைத் தூக்கினான். அவள் முழங்காலைக் காட்டினாள். இன்னும் மேலே. அவளுக்கு முகம் மாறிவிட்டது. இடுப்பில் கை வைத்தாள். சுருளி ஆமாம் என்று தலையாட்டினான். மூலையிலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த காளை, போட்ட அடுப்படிக் கோட்டைக் காலாலேயே அழித்தான்.

அவர்கள் காலில் விழுந்து நன்றி சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறீர்களா? ரெங்கம்மாள் பிடித்துக் கிழித்துவிட்டாள்.

"அப்புறம் என்ன மயித்துக்குய்யா எங்களை இம்புட்டுத் தூரம் வர வச்ச? ஒரு நாள் தறி போச்சு, ஆட்டோக் காசு போச்சு! இத போன்ல சொல்ல மாட்டியா? அன்னைக்கு வாய் இருந்துச்சுல்ல?"

அதற்கும் சுருளி தலையாட்டினான். இருந்தது. ஷேர் ஆட்டோ கிடைக்காமல் இருவரும் மெயின் ரோட்டுக்கு நடந்தே போனார்கள்.

தவசி போன் பண்ணினார். "முடிஞ்சுச்சா மாப்ள?" என்றார். பதில் இல்லாததால் நேரிலேயே வந்தார். விஷயம் தெரிந்ததும் அவர் பேசிய பேச்சைக் கண்மாய் நாரைகளே கேட்டு எழுந்து பறந்தன. அடுத்த வாரம் ஆர்ச்சில் அந்த வெள்ளை இடத்தில் அவருடைய மச்சினன் விக்ரம் பேர் ஏறியது. நாலெழுத்து, தாராளமாகவே இடம் இருந்தது. சுருளி அந்தப் பக்கம் போகாமல் சுற்றிப் போனான். சும்மா சொல்லக்கூடாது, அவனுக்கு ரொம்ப வலித்தது. கீழ்ப்படிந்தால் மனசு லேசாகும் என்று பிரசங்கத்தில் சொல்கிறார்களே, அப்படி ஒன்றும் ஆகவில்லை. பொண்டாட்டி பக்கத்தில் வந்து உட்கார்ந்தபோது அவன் தலை தொங்கியிருந்தது.

"இத்தன வருஷத்துல நீங்க சொன்ன ஒரே உண்மை" என்றாள் செல்லக்கிளி. "அதையும் வாயத் தொறக்காமச் சொல்லிட்டீங்க." கேலியாகத்தான் ஆரம்பித்தாள். ஆனால் அவன் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

கார்த்திகையில் மழை பிடித்தது. விடாமல் அடித்தது. நாரைக் கண்மாய் நிறைந்தது. ஒரு நாள் காலையில் ரெங்கம்மாள் போன் வந்தது. போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தும் தெளிவாகக் கேட்டது.

"அண்ணே, நேத்து அந்த எடத்தப் போய்ப் பாத்தோம். இவரு உள்ள எறங்கி நின்னு பாத்தாரு. நீங்க காட்டுன அதே இடுப்பு. ஒரு விரக்கடை கூடவும் இல்ல, குறையவும் இல்ல. வேற எடம் இருந்தா காட்டுங்க. அன்னைக்கு மாதிரியே காட்டுங்க."

கோச்சடைக்கு அப்பால் மேட்டில் ஒரு சின்ன மனை இருந்தது. மூன்று பேரும் போனார்கள். சுருளிக்குத் தொண்டை திறந்து நாளாகியிருந்தது. வாய் பழைய வாய்தான், எண்ணெய் போட்ட மாதிரி மளமளவென்று ஓடத் தயாராக இருந்தது. காளை செருப்பைக் கழற்றிவிட்டு மண்ணில் இறங்கினான். தண்ணீர் ஏறுமா என்று கேட்டாள் ரெங்கம்மாள். ஏறாது என்றான். நிஜமாகவே ஏறாது. சந்தோஷமாக இருந்தது.

"பஸ் ஸ்டாப்பு பக்கமாண்ணே?"

"அஞ்சே நிமி..."

தானாக வந்துவிட்டது. பாதியில் பிடித்து நிறுத்தினான். ஒரு தடவை நல்லவனானால் போதும், பிறகு அதுவே ஓடிக்கொண்டிருக்கும் என்று நினைத்திருந்தானே, அந்த நினைப்பில் மண் விழுந்தது. இன்றைக்குத் தொண்டை கட்டவில்லை. கழுத்தைப் பிடித்து இறக்க ஆள் இல்லை. அன்றைக்குக் கேட்ட உதவியை இன்றைக்கும் முதலிலிருந்து கேட்க வேண்டும் போலிருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு நின்றான். ஆண்டவரே, மறுபடியும் நாந்தான்.

ரெங்கம்மாள் அவன் முகத்தையே பார்த்தாள். "என்னண்ணே நிப்பாட்டிட்டீங்க? தொண்டை இன்னும் சரியாகலையா?"

ஆமாம் என்று ஒரு தலையாட்டல் ஆட்டினால் தீர்ந்தது. அதுவும் பொய்தான்.

"தொண்டையெல்லாம் எப்பவோ சரியாயிருச்சு தங்கச்சி" என்றான் சுருளி. "நாந்தான் இன்னும் சரியாகல. பஸ் ஸ்டாப்பு எம்புட்டுத் தூரம்னு எனக்கே தெரியாது. வாங்க, நடந்து பாத்துருவோம்."